ஈட்டி முனையில் ஒரு தேசிக்காய்

வாய் திறந்து கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் சந்தேகக்காரர் ஆகிவிடுகிறார்கள். "இது என்ன?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் முடிந்துபோகும் விஷயத்தை, கேட்காமல் மனதுக்குள் கொண்டுபோய் வைத்துப் புரட்டிப் புரட்டி, அதற்குக் கொம்பும் வாலும் முளைக்க வைப்பதுதான் எங்கள் வேலை. எங்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. என்னுடைய வேலை.

பலேர்மோவுக்கு வந்த காலம் முதல் இத்தாலிக்காரர் எது சொன்னாலும் நான் "சீ, சீ" என்று தலையாட்டிவிடுவேன். (அவர்கள் மொழியில் அதற்கு ‘ஓம், ஓம்’ என்று பொருள். ஊரிலிருந்து புதிதாக வந்த சிலர், இந்த மனுஷி எல்லோரையும் பார்த்து அருவருக்கிறா என்று நினைத்ததும் உண்டு.) இப்படித் தலையாட்டியே, கண் காட்டப் போன இடத்தில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள் நான் என்று மகள் சுதா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அது மிகை. அந்தப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது.

நானும் சுதாவும் பலேர்மோவில் சீசா என்ற பகுதியில் ஒரு மாடிவீட்டில் இருக்கிறோம். எங்கள் கதவுக்கு நேர் எதிர்க்கதவில் லெமையன் என்று ஒருவர் குடிவந்தார். கென்யாவில் மாசாய் என்று சொல்லப்படும் மாடு மேய்க்கிற சனம். ஆள் நெடுவல், வாசலில் குனிந்துதான் நுழைவார். துறைமுகத்தில் கப்பலுக்குள் லொறிகளை ஏற்றுகிற வேலை. இதெல்லாம் சுதா லிப்டுக்குள் வைத்தே அவரிடம் கேட்டு அறிந்தது. நான் அறிந்ததெல்லாம் எங்கள் கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடித் துளை வழியாக. அந்தத் துளையில் அவருடைய நெஞ்சு மட்டும்தான் தெரியும். முகம் தெரியாத மனிதரை எப்படி நம்புவது?

துளை வழியாக வேறு சிலதும் தெரிந்தன. ரொசாலியா என்ற பலேர்மோப் பெண் அடிக்கடி வந்தாள். அந்த வீட்டுக்குள்ளிருந்து சில நாட்களில் இரும்பை இரும்பில் தட்டுகிற சத்தம் வந்தது. ஆட்டுக் கொழுப்பு உருகுகிற மணம் வந்தது. பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். இரும்பு, கொழுப்பு, சிரிப்பு. தனித்தனியே எடுத்தால் ஒன்றிலும் குற்றமில்லை. சேர்த்துப் பார்த்தபோது, எழும்பிப் போய்க் கதவுக்கு இரண்டாம் தாழ்ப்பாளும் போட்டேன்.

ஒரு வியாழக்கிழமை மணி அடித்தது. துளையில் நெஞ்சு. நான் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி மணி. ஆள் போகிற பாடாக இல்லை. திறந்தேன்.

கையில், பழைய கம்பளியில் சுற்றிய ஒரு நீளமான பொதி. பச்சைக் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். "மம்மா" என்று தொடங்கி நெடுநேரம் கதைத்தார். அதில் எனக்குப் பிடிபட்டவை: தண்ணீர், சுவர், இரும்பு, ஞாயிற்றுக்கிழமை. ரொசாலியாவின் தகப்பனைப் பற்றியும் ஏதோ வந்தது. நான் எல்லாவற்றுக்கும் "சீ, சீ" சொன்னேன். பொதியை என் கையில் தந்துவிட்டு, என் முன்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். (அவர்கள் வழக்கத்தில் இளையவர் தலை குனிந்தால் மூத்தவர் அதில் கை வைக்க வேண்டுமாம். எனக்கு அன்று யார் சொன்னது? எங்கள் கதவின் பூட்டு எந்த மாதிரி என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பூட்டைக் கையால் மறைத்துக்கொண்டேன்.)

சுதா அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் இல்லை. அவள் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, காலை முறித்துக்கொண்டதால் அங்கேயே தங்கியிருந்தாள். பின்னேரம் போன் எடுத்தாள்.

"அம்மா, முன்வீட்டில பைப் உடைஞ்சு சுவரெல்லாம் தண்ணியாம். பாவம் லெமையன். ஞாயிற்றுக்கிழமைதான் ரொசாலியாவின்ரை தகப்பன் முதல்முதல் சாப்பிட வாறாராம்."

"ஆர், அந்தப் பல்லரோச் சந்தை மீன்காரனோ?"

"ஓம், சிஞ்ஞோர் தூரி. ஒரு வருசமா மாட்டன் மாட்டன் எண்டு நிண்ட மனுசன். ஆளைப் பார்த்துப் போட்டுத்தான் கலியாணத்துக்குச் சம்மதமோ இல்லையோ எண்டு சொல்லுவாராம். ரொசாலியா பயந்து செத்துக்கொண்டு இருக்கிறாள். உங்களிட்டை லெமையன் ஏதும் தந்தவரோ?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

போனில் எதையும் கதைக்கக் கூடாது என்பது என் கொள்கை. அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யார் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

போனை வைத்துவிட்டு, யன்னலைச் சாத்திவிட்டு, பொதியை அவிழ்த்தேன்.

உள்ளே மூன்று துண்டுகள். முதலாவது, என் கை நீளத்துக்கு ஒடுங்கிய அலகு. இரண்டு பக்கமும் கூர். நடுவில் முதுகெலும்பு போல ஒரு வரம்பு நேராக ஓடியது. இரண்டாவது, கைப்பிடி அளவான ஒரு கறுத்த மரத்துண்டு. மூன்றாவது, அடியில் கூராக முடியும் நீண்ட இரும்புக் கம்பி. எல்லாவற்றிலும் கொழுப்பு. இரும்பும் மரமும் சேரும் இடத்தில் சிவப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. இவை போதாதென்று வேறொரு துணி முடிச்சில், கறுத்த இறகுகளால் கட்டிய ஒரு பந்து. நடுவில் துளை.

அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். ஒருவன் ஆயுதத்தை ஏன் மூன்றாகக் கழற்றி வைக்கிறான்? ஒருவர் கண்ணிலும் படக் கூடாது என்று. அதை ஏன் ஒரு கிழவி வீட்டில் கொடுத்து வைக்கிறான்? கிழவி வீட்டை யார் சோதிப்பார்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை யார் வருகிறார்? கலியாணத்துக்குக் குறுக்கே நிற்கிற தகப்பன். சிவப்பாகக் காய்ந்திருப்பது என்ன? (அதற்கு முந்தி வேறு யார் குறுக்கே நின்றார்களோ!) கறுத்த இறகுப் பந்தைப் பற்றி எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. அது செய்வினை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான்; ஆனாலும் கணக்கில் நான் என்றும் பிழைவிட்டதில்லை.

பொலிசுக்குச் சொல்லலாம். ஆனால் பொலிசுக்குச் சொல்வதென்றால் வாயால் அல்லவா சொல்ல வேண்டும்? பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குப் போனால், பெயரைக் கேட்டதுமே எனக்கு என் பெயர் மறந்துபோகும். அங்கே போய்க் கொலையைப் பற்றிக் கதைப்பதாவது!

அப்போதுதான் கை சும்மா இருக்காமல் அந்த மூன்று துண்டுகளையும் பொருத்திப் பார்த்தது. ஒரு ஆணி இல்லை, புரி இல்லை. இரும்பின் அடி குழலாக இருந்தது. மரம் அதற்குள் போனதும் கடவாய்ப் பல்லுக் கடித்தது போல இறுகிக்கொண்டது. அடியிலும் அப்படியே. எழுப்பி நிறுத்தினால் என்னைவிட உயரம்.

வேல்.

அலகு கொஞ்சம் ஒடுங்கலாக இருந்ததே தவிர, முருகனுடைய வேலேதான். திரும்பக் கழற்றிவிடலாம் என்று இழுத்தேன், முறுக்கினேன், கதவிடுக்கில் கொடுத்து நெம்பினேன். வரவில்லை. வேல் எழுந்து நின்றுவிட்டது. இனிப் படுக்க மாட்டேன் என்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? கொலைக்குப் போக இருந்த இரும்பைக் காப்பாற்றச் சொல்லி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஆட்டுக் கொழுப்போடு வேல் நிற்கலாமா? பழப்புளியைக் கரைத்து, குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி மினுக்கினேன். கொழுப்புப் போனது, சிவப்புப் போனது. இரும்பு மீன்வயிறு போல மின்னியது. திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்தேன். இறகுப் பந்தைக் கையால் தொடாமல் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் உருட்டிப் பையில் போட்டு, கீழே குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டுத் தலை முழுகினேன்.

ஒன்றுதான் பாக்கி. எங்கள் கோயில்களில் சூலம், வேல் நுனியில் ஒரு தேசிக்காய் குத்தி வைப்பார்கள். ஆயுதத்தின் உக்கிரம் தணிவதற்கு. இந்த ஊரில் நம் சின்னப் பச்சைத் தேசிக்காய் நினைத்தவுடன் கிடைக்காது. வீட்டில் இருந்தது முட்டிக்கை அளவில் ஒரு சிசிலி லிமோனே, இந்த ஊர் மஞ்சள் எலுமிச்சை. உக்கிரமும் பெரிதுதானே என்று அதையே குத்தினேன்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் வேல் முழுவதும் செம்மஞ்சள் நிறத்தில் துரு. புளியில் குளித்த இரும்பு வேறு என்ன செய்யும்? எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. வேல் கோபத்தில் சிவந்துவிட்டது என்று நினைத்தேன். நல்லெண்ணெய் பூசினேன். எண்ணெயும் துருவும் சேர்ந்து வடிந்தபோது, கழுவின இரத்தம் திரும்பி வந்தது போலவே இருந்தது.

இனி வைத்திருக்க ஏலாது. திருப்பிக் கொடுத்தால் மீன்காரர் போய்ச் சேர்ந்துவிடுவார். குப்பையில் போட்டால் என் குடும்பம் போய்விடும். கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். ஞாயிறு சாப்பாட்டுக்கு மத்தியானம்தான் வருவார்கள். நான் காலையிலேயே பஸ் எடுத்துவிடுவேன். (அந்த நீள ஈட்டியோடு பலேர்மோ பஸ்ஸில் எப்படி ஏறுவது என்று ஒரு சொட்டும் யோசிக்கவில்லை. ரிக்கெற் எடுக்க வேண்டும் என்று மட்டும் நினைவு வைத்திருந்தேன்.)

ஆனால் சந்தேகம் பிடித்த மனிதர் நேரத்துக்கு முந்தி வருவார்கள் என்பதை என்னைப் போன்ற ஒருத்தி மறந்திருக்கக் கூடாது. மருமகனாகப் போகிறவனை ஆயத்தமில்லாமல் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று சிஞ்ஞோர் தூரி காலையிலேயே புறப்பட்டிருக்கிறார்.

ஞாயிறு காலை நான் பட்டுச் சீலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கதவைத் திறந்தேன். ஈட்டி நிமிர்ந்தபடி வாசலுக்குள்ளால் வராது. படுக்கவைத்து, நுனியை முன்னுக்கு விட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தேன். படிப்பக்கம் திரும்பினேன்.

படியில் ஒரு வயிறு ஏறி வந்துகொண்டிருந்தது.

லிப்ட் வேலை செய்யவில்லை. சிஞ்ஞோர் தூரி மூச்சிரைத்தபடி, குனிந்த தலையோடு, கையில் இனிப்புத் தட்டோடு வந்தவர், கடைசிப் படியில் நிமிர்ந்தார். லிமோனே அவருடைய சட்டையின் நடுப் பொத்தானில் போய் முட்டி நின்றது.

அவர் மாதாவைக் கூப்பிட்டார். நான் முருகனைக் கூப்பிட்டேன். தட்டு விழுந்தது. கனோலி இனிப்புகள் ஒவ்வொன்றாகப் படியில் இறங்கிப் போயின. எல்லாக் கதவும் திறந்தன. எனக்கு ஈட்டியைக் கீழே போடவும் தெரியவில்லை, பின்னுக்கு இழுக்கவும் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் ரொசாலியா. ரொசாலியாவுக்குப் பின்னால், வாசலில் அவர்களைச் சந்தித்துச் சேர்ந்து ஏறிவந்த என் மகள்.

"அம்மா! அந்த மனுசனைக் குத்திப் போடாதேங்கோ!"

"நான் குத்தேல்லையடி! குத்தாமல் இருக்கத்தான் கொண்டுபோறன்!"

இதற்குள் எதிர்க்கதவு திறந்தது. லெமையன் சிவப்புக் கட்டத் துணி போர்த்து, கழுத்தில் மணி மாலையோடு நின்றார். என்னைப் பார்த்தார், துருவைப் பார்த்தார், சந்தனப் பொட்டைப் பார்த்தார். அவருடைய முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். அழப்போகிற சின்னப் பிள்ளையின் முகமாக இருந்தது.

இனி அவர்கள் கதைத்தது இத்தாலியன். சுதா எனக்குச் சொன்னபடி, எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"மம்மா, அந்த இறகுப் பந்து எங்கை?" என்றார் லெமையன்.

"குப்பைக்குள்ளை" என்று சுதாவின் காதில் சொன்னேன். சுதா சத்தமாகச் சொன்னாள்.

லெமையன் கதவு நிலையில் சாய்ந்துவிட்டார். ரொசாலியா முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பந்து தீக்கோழி இறகாம். ஈட்டி நுனியில் அதைக் குத்தி வாசலில் நட்டால், இந்த வீட்டுக்காரன் சண்டைக்கு இல்லை, சமாதானமாக நிற்கிறான் என்று வருகிறவருக்குத் தெரியுமாம். ஈட்டி வைத்திருக்கிறவனுக்கு என் மகளைத் தருவேனோ என்று தகப்பன் முந்திக் கேட்டிருக்கிறார். அதற்கு மறுமொழி சொல்லத்தான் அந்தப் பந்து. லெமையனின் ஊரிலிருந்து ஒருவர் கையில் கொடுத்துவிட்ட பந்து.

"பார்த்தன், உன்ரை சமாதானத்தை!" என்று சிஞ்ஞோர் தூரி கத்தினார். "கிழவியை விட்டுக் குத்துறாய்! வா பிள்ளை வீட்டை!" மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

ரொசாலியா படியில் கால் வைத்தாள். நான் வாய் திறந்தால் அந்தக் கலியாணம் நடக்கும், திறக்காவிட்டால் குழம்பிப்போகும். எத்தனையோ கதவுகளில் எத்தனையோ முகங்கள்.

"நான்தான்" என்றேன். தமிழில்தான் வந்தது. ஆனால் அந்தக் கட்டடம் கேட்கும்படி வந்தது. "அந்தத் தம்பிக்கு ஒண்டும் தெரியாது. பந்தை எறிஞ்சதும் நான்தான். புளி போட்டதும் நான்தான். அவர் உங்களைக் கொல்லப் போறார் எண்டு நினைச்சதும் நான்தான். சொல்லு சுதா, எல்லாம் சொல்லு!"

"கொல்லப் போறார் எண்டதையுமோ?"

"அதையும்!"

சுதா சொன்னாள். மேல்மாடியில் யாரோ கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். சிஞ்ஞோர் தூரி சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். ஒரு சந்தேகக்காரர் இன்னொரு சந்தேகக்காரரைப் பார்க்கிற பார்வை அது. உடனே இனம் கண்டுகொண்டேன்.

"அப்ப அந்த லிமோனே என்னத்துக்கு?"

"கூரான சாமான்" என்றேன். "ஒருத்தரையும் குத்தக் கூடாது எண்டு. எங்கடை கோயிலிலை வைக்கிறது."

"என்ரை கடையைப் பார்த்துத்தானே பழிக்கிறாய்?"

எனக்கு விளங்கவில்லை. ரொசாலியாதான் அழுகைக்கு நடுவே சொன்னாள். பல்லரோவில் அவருடைய கடை மேசையில் வாள்மீன் தலையை நிமிர்த்தி வைப்பார்களாம். நீட்டிக்கொண்டிருக்கும் வாளின் நுனியில் தினமும் ஒரு லிமோனே குத்தி வைப்பாராம். குனிந்து மீன் பார்க்கிற சனத்தின் கண்ணில் படக் கூடாது என்று அவருடைய தகப்பன் தொடக்கிய வழக்கமாம்.

"நான் உங்கடை கடையைக் கண்டதே இல்லை" என்றேன். "விலை கேட்கக் கூச்சம். நான் விலை எழுதிப் போட்ட கடையிலதான் வாங்குறனான்."

அவர் ஈட்டி நுனியிலிருந்த பழத்தை இரண்டு விரலால் திருப்பினார். மணந்தார்.

"இதை ஆர் வித்தது?"

சுதா கடையைச் சொன்னாள்.

"கள்ளன்" என்றார். "பழம் பழசு. உள்ளுக்கு ஒரு சொட்டுச் சாறும் இராது."

அவர் மகளின் கையை விட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பிறகு எல்லோரும் லெமையனின் ஈரச் சுவர் வீட்டுக்குள் போனோம். அவர் கொழுப்பும் துணியும் எடுத்துத் துருவைத் துடைக்கத் தொடங்கினார். நான் இரத்தம் என்று நினைத்தது கொழுப்பில் குழைத்த செம்மண். கொழுப்பு, இரும்பு துருவாமல் இருக்க. வீட்டு ஈரத்தில் துருப்பிடித்துவிடும் என்றுதான் என்னிடம் தந்தாராம். துண்டு துண்டாகக் கழற்றுவது, கொண்டு திரிய வசதியாக; தட்டித்தான் கழற்ற வேண்டுமாம், நான் கேட்ட இரும்புச் சத்தம் அதுதான். அலகு, பழைய லொறியின் வில்லுத்தகட்டைக் காய்ச்சி அடித்தது. அந்த நடு வரம்பை நேராக எடுப்பதில்தான் கொல்லனின் கை தெரியுமாம். அடித்தவர் அவருடைய தகப்பன்.

"எங்கடை ஆக்களுக்குள்ளை கொல்லர் பதிவு, கீழான ஆக்கள்" என்றார், தலை நிமிராமல். "எங்களோடை ஒருத்தரும் கலியாணம் செய்யாயினம். என்ரை பாட்டன் காலத்திலை, ஈட்டி வாங்க வாறவன் முதல்லை தன்ரை கையிலை கொழுப்புப் பூசிக்கொண்டுதான் வாங்குவான். கொல்லன் தொட்டது தன்னிலை ஒட்டக் கூடாது எண்டு."

சுதா எனக்கு இதை மொழிபெயர்த்துவிட்டு, விளக்கம் சொல்லத் தொடங்கி இடையில் நிறுத்திவிட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடியில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஞ்ஞோர் தூரி கதிரையை லெமையனுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு, "தா" என்று கையை நீட்டினார். லெமையன் துணியைச் சுற்றிக் கொடுக்கப் போனார். அவர் துணியைத் தட்டிவிட்டு இரும்பை வெறுங்கையால் வாங்கினார். கத்தியோடு பிழைக்கிற மனிதர் அல்லவா? பெருவிரலைக் கூரின் குறுக்கே வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடி வரம்பைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். குறை பிடிக்கத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் பார்ப்பேன். ரொசாலியா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நகம் என் தோலில் இறங்கியது.

"உன்ரை தகப்பன் இப்பவும் வேலை செய்யிறாரோ?"

"ஓம்."

"எனக்கு ஒரு கத்தி அடிச்சுத் தருவாரோ? சூரை மீன் வெட்ட."

"மாமாவுக்கு எண்டால் அடிப்பார்" என்றார் லெமையன்.

சிஞ்ஞோர் தூரி ஈட்டியை மேசையில் வைத்தார். "அப்ப கலியாணத்துக்கு வரேக்கை கொண்டு வரச் சொல்லு" என்றார். ரொசாலியா என் கையை விட்டுவிட்டு அவருடைய கழுத்தில் தொங்கினாள்.

கலியாணத்துக்கு அந்தத் தகப்பன் வந்தார், கத்தியும் வந்தது. தீக்கோழி இறகுதான் வந்து சேரவில்லை. மண்டபத்து வாசலில் நட்ட ஈட்டியின் நுனியில் சிஞ்ஞோர் தூரி தன் கையால் தெரிந்தெடுத்த லிமோனே ஒன்றைக் குத்தினார். வந்த சனத்துக்கெல்லாம் அது ஏன் என்று சுதா கதை சொன்னாள். நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்து சாப்பிட்டேன்.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் முன்வீட்டில் குடியிருக்கிறார்கள். சில நாட்களில் சத்தம் கூடும். கோப்பை விழும், கதவு அறையும். பிறகு எங்கள் மணி அடிக்கும். துளையில் ரொசாலியா.

"மம்மா, ஒரு லிமோனே."

நான் ஒன்றும் கேட்காமல் கொடுப்பேன். அன்றைக்கு யார் பிழை விட்டார்களோ அவர்கள் அதை ஈட்டி நுனியில் குத்தி வைக்க வேண்டுமாம். அது அவர்களுடைய வீட்டுச் சட்டம். இதனால் என் கூடையில் பழம் குறைவதை வைத்தே அந்தக் குடும்பத்தின் நிலவரத்தைச் சொல்லிவிடுவேன்.

நேற்று வந்து மூன்று கேட்டாள். எனக்குப் பகீரென்றது. மூன்று சண்டையா? ஒரே சண்டைக்கு மூன்று பழம் தேவைப்படுகிற அளவுக்கு என்ன நடந்திருக்கும்? மூன்றாவது ஆள் யார்? சுதா வேலையால் வரும்போது நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா?"

"சத்தம் போடாதை. மூண்டு வாங்கிக்கொண்டு போனவள். உள்ளுக்கை ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நல்லதாப் படேல்லை."

சுதா கைப்பையைக் கதிரையில் போட்டாள்.

"அம்மா, அவை மீன் பொரிக்கினம்."